பழைய மலைப் பயணிகள் போன ‘அதே பாதை’யில் இன்று நடக்க முடியுமா?

கேட்டவர் சுருக்கமாகத்தான் கேட்டிருக்கிறார். மலைகளுக்குள் முதலில் போய் வரைபடம் போட்ட ஆய்வுப் பயணிகளின் புத்தகங்களைப் படித்திருக்கிறார். அவர்கள் போன வழியிலேயே தானும் நடந்து பார்க்க ஆசை. அந்தப் பாதைகளின் ஜிபிஎஸ் தடம் எங்கே கிடைக்கும் என்கிறார். தடத்தைப் பற்றி மட்டும் என்றால் ஒரு வரியில் முடித்துவிடலாம்: பெரும்பாலான பயணங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது; இணையத்தில் யாராவது ஏற்றி வைத்திருந்தால் அது ஏற்றியவர் நடந்த தடம். ஆனால் அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. நூறோ இருநூறோ ஆண்டுகள் கழித்துப் போகிறவர் ‘இது அதே பாதைதான்’ என்று எந்தத் தைரியத்தில் சொல்லலாம்? நீளமாக எழுத வேண்டியிருப்பது அதற்குத்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நில அளவை படித்தவன். பழைய அளவைத் தாள்களையும் பயணக் குறிப்புகளையும் இன்றைய நிலத்தோடு பொருத்திப் பார்ப்பதில் இருபது ஆண்டுகளுக்கு மேல் போயிருக்கிறது, பாதி மேசையில், பாதி மலையில். பனிச்சுவர் ஏறும் ஆள் இல்லை. கயிறு கட்ட வேண்டிய இடம் வந்தால் நின்றுவிடுவேன். அதனால் ஏறும் நுட்பம் பற்றி இங்கே எதுவும் இருக்காது.

ஒரு பழைய பயணத்தில் உறுதியாக மீட்க முடிவது சில புள்ளிகளைத்தான். அவற்றை இணைக்கும் கோடு கிட்டத்தட்ட எப்போதும் ஊகம். ‘காலையில் சரிவில் இறங்கினோம், மதியம் ஓடையைக் கடந்தோம், மாலையில் மரங்களுக்கு அடியில் தங்கினோம்’ என்று எழுதியிருந்தால் அது ஒரே பள்ளத்தாக்கில் ஐந்து இடங்களுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு கணவாய், இரண்டு ஆறுகள் கூடும் இடம், வேறெங்கும் இல்லாத மாதிரி ஒரு குளம், இவை பேச்சுக்கு இடம் தராத அடையாளங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நான் செய்யும் முதல் வேலை இவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் கனடிய ராக்கி மலைகளில் இருக்கிறது. தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ் 1827-ல் அத்தபாஸ்கா கணவாயைக் கடக்கும்போது பக்கத்துச் சிகரம் ஒன்றில் ஏறினார். அதற்குப் பிரவுன் என்றும் எதிரே நின்றதற்கு ஹூக்கர் என்றும் பெயர் வைத்தார். இரண்டும் 16,000 அடி, 17,000 அடி என்ற அளவில் வரைபடங்களில் ஏறிவிட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் வட அமெரிக்காவின் பெரிய மலைகளாக அவை காகிதத்தில் நின்றன. ஆர்தர் கோல்மன் என்ற நிலவியலாளர் அவற்றைத் தேடிப் போனார். ஒரு முறை வேறெங்கோ போய்ச் சேர்ந்து, கடைசியில் 1893-ல் சரியான கணவாயை அடைந்தார். அங்கே அப்படி எந்த ராட்சத மலையும் இல்லை. பிரவுன் சிகரம் 2,799 மீட்டர், அதாவது 9,200 அடிக்கும் சற்றுக் குறைவு. பின்னே இடம் சரிதான் என்று எப்படித் தெரிந்தது? கணவாயின் உச்சியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. ‘கமிட்டியின் பஞ்ச் (ஒரு மதுபானம்) கிண்ணம்’ என்று விலங்குத்தோல் வணிகர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நீர் ஒரு பக்கம் பசிபிக்கை நோக்கியும் மறுபக்கம் ஆர்க்டிக்கை நோக்கியும் இறங்குகிறது. உயரம் பொய்த்தது, குளம் பொய்க்கவில்லை. உயரம் ஏன் பொய்த்தது என்பதற்கு, கணவாயின் உயரமே அந்தக் காலத்தில் மிகையாகக் கருதப்பட்டிருந்தது, அதன்மேல் சிகரத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே தெரிகிறது, ஆனாலும் விளக்கம் என்ற அளவில்தான்.

பழைய உயரங்களை ஏன் நம்பக்கூடாது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் விழுகிற குழி அதுதான். அன்று உயரம் பார்க்க இரண்டு வழிகள்தான் பரவலாக இருந்தன. ஒன்று காற்றழுத்தமானி. இன்னொன்று தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பமானி காட்டுவதைக் குறிப்பது. மேலே போகப் போகக் கொதிநிலை ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸ் குறையும். பத்தில் ஒரு டிகிரி தவறாகப் படித்தால் உயரம் 30 மீட்டர் தவறும். அதோடு வானிலை. புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்குவது சாதாரணம். கருவிக்கு அது நீங்கள் 80, 100 மீட்டர் ஏறிவிட்ட மாதிரிதான். அதே நேரத்தில் கீழே தெரிந்த உயரத்தில் இன்னொருவர் இன்னொரு கருவியைப் படித்துக்கொண்டிருந்தால் திருத்தலாம். தனியாகப் போனவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ‘முகாம் 11,340 அடியில்’ என்று எழுதியிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே நாளில் எடுத்த இரண்டு உயரங்களுக்கு இடையிலான வித்தியாசம் மட்டும் ஓரளவு நம்பத்தக்கது.

திசையிலும் இதே சங்கதி. திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு, அது பத்தாண்டுக்குப் பத்தாண்டு நகர்கிறது. லண்டனில் 1800-களின் தொடக்கத்தில் முள் உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி மேற்கே சாய்ந்து நின்றது; இன்று விலகல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பழைய குறிப்பில் இருக்கும் திசையை இன்றைய வரைபடத்தில் அப்படியே வைத்தால் வெறும் 5 டிகிரி பிழைகூட 10 கிலோமீட்டர் தூரத்தில் உங்களை 870 மீட்டர் தள்ளிவிடும். மலையில் அது அடுத்த பள்ளத்தாக்கு. நல்ல வேளையாக, ஓர் இடத்தின் காந்த விலகலை 1590 வரை பின்னோக்கிக் கணக்கிட்டுத் தரும் வசதியை அமெரிக்காவின் நோவா நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கிறது. பயணம் நடந்த ஆண்டைக் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பயணி தானே திருத்தி எழுதிவிட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை திருத்திவிடுவீர்கள். நானே செய்திருக்கிறேன். தீர்க்கரேகை பற்றி ஒன்று: 1911-க்கு முந்தைய பிரெஞ்சு நூல் என்றால் பூஜ்ஜியம் பெரும்பாலும் பாரிஸில் இருக்கும், கிரீனிச்சிலிருந்து 2 டிகிரி 20 கலை கிழக்கே (ஒரு டிகிரிக்கு 60 கலை). கடிகாரம் நான்கு நொடி தவறினாலே தீர்க்கரேகை ஒரு கலை தவறும், நிலநடுக்கோட்டருகே அது 1.85 கிலோமீட்டர். அட்சரேகையை நம்புங்கள், தீர்க்கரேகையை விசாரியுங்கள்.

தூரம் மட்டும் சில சமயம் வியக்க வைக்கும் அளவுக்குச் சரியாக இருக்கும். 1865-66-ல் பிரிட்டிஷ் இந்திய அளவைத் துறைக்காகத் திபெத்துக்குள் மாறுவேடத்தில் போன நயின் சிங் ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழும்படி பழகிக்கொண்டு எண்ணி நடந்தார். வழக்கமான 108 மணி ஜெபமாலைக்குப் பதில் 100 மணி மாலை, நூறு அடிக்கு ஒரு மணி. அவரைப் போன்றவர்களின் குறிப்பு கிடைத்தால் கோடுகூட ஓரளவு உறுதி என்பேன். மற்றவர்கள் மணிக்கணக்கில்தான் எழுதுவார்கள். அதை மாற்றும்போது உங்கள் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சுமை தூக்குபவர்கள், குதிரைகள், பாதை வெட்டிக்கொண்டே போகிறவர்கள் சேர்ந்த கூட்டத்தின் வேகம் உங்கள் வேகத்தில் பாதிகூட இருக்காது. அதே நூலில் நிச்சயமாகத் தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அவர்கள் எத்தனை மணி நேரம் எடுத்தார்கள் என்று பார்த்து, அந்த விகிதத்தை மற்ற நாட்களுக்கும் பயன்படுத்துங்கள்.

அப்புறம், அச்சான புத்தகத்தை விடக் களக் குறிப்பேடு மேல். புத்தகம் ஊர் திரும்பிய பிறகு எழுதப்படுவது, பல சமயம் வேறொருவர் கையால். கனடாவைக் குறுக்கே கடந்த அலெக்சாண்டர் மெக்கன்சியின் 1801-ஆம் ஆண்டு நூலைச் செப்பனிட்டு எழுதியவர் வில்லியம் கூம் என்ற தொழில்முறை எழுத்தாளர். இந்த இடைக்கை எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு கிந்துப்பின் கதையைச் சொல்ல வேண்டும். 1880-ல் திபெத்தின் சாங்போ ஆற்றின் பள்ளத்தாக்கை ஆராய அனுப்பப்பட்டவர் அவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். கூடப் போன லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பித்து, வேலையை முடித்து, நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி, கண்டதை நினைவிலிருந்து சொன்னார், வேறொருவர் எழுதிக்கொண்டார். அந்த அறிக்கையில் ஆற்றில் 150 அடி அருவி ஒன்று இருந்தது. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் இருவரும் அதே வழியில் நடந்து போய்ப் பார்த்தபோது, அந்த இடத்தில் ஆறு விழுந்த உயரம் ஏறக்குறைய 30 அடிதான். 150 அடி அருவி வேறோர் இடத்தில், ஒரு சிற்றோடையில் இருந்தது. இரண்டு அருவிகளும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. அதே நேரத்தில் அவர் சொன்ன மற்ற விவரங்கள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. மறுநடை என்ற காரியத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியாது. அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்று நிலம் சாட்சி சொன்னது.

சொற்களும் வழி தவற வைக்கும். ஒரு தடவை ஒரு பழைய முகாமைத் தேடி இரண்டு நாள் ஆற்றின் தவறான கரையில் அலைந்தேன். குறிப்பில் ‘இடக்கரை’ என்று இருந்தது. நில அளவைக்காரனுக்கு இடக்கரை என்றால் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம். எழுதியவர் ஆற்றுக்கு எதிராக மேலே நடந்துகொண்டிருந்தவர், தன் இடக்கையைச் சொல்லியிருக்கிறார். முன்பின் பக்கங்களில் தெரிந்த ஊர் ஒன்றை எந்தக் கரையில் வைத்து எழுதுகிறார் என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

புகைப்படம் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. படத்தில் முன்னால் தெரியும் பாறை, தூரத்து முகட்டின் எந்தப் பள்ளத்துக்கு நேராக நிற்கிறது என்று பார்த்து, நீங்கள் இடமும் வலமும் நகர்ந்து இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். இப்படி இரண்டு கோடுகள் கிடைத்தால் பழைய கேமரா நின்ற இடத்தைச் சில மீட்டருக்குள் பிடித்துவிடலாம். 1915-ல் ஜாஸ்பர் பகுதியில் பிரிட்ஜ்லண்ட் எடுத்த அளவைப் படங்களை இப்படித்தான் அதே இடங்களில் நின்று மறுபடி எடுத்திருக்கிறார்கள். எவரெஸ்டின் வடபக்கத்தில், மலையேற்றக்காரர் மலோரி 1921-ல் நின்ற இடத்திலிருந்து 2007-ல் டேவிட் பிரேஷியர்ஸ் ரோங்புக் பனியாற்றைப் படமெடுத்தபோது, பனியின் மேல்மட்டம் 100 மீட்டர் அளவுக்கு இறங்கியிருந்தது தெரிந்தது.

சரி, பனியாறு என்று வந்துவிட்டதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பனியின்மேல் போன பாதையை யாராலும் மறுபடி நடக்க முடியாது. நிலமே நகர்ந்து போய்விட்டது. 1820-ல் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான் பிளாங்க் சிகரத்தில் ஒரு பனிச்சரிவில் மூன்று வழிகாட்டிகள் புதைந்தார்கள். சுமார் நாற்பது ஆண்டு கழித்து அவர்கள் கீழே வெளிப்படுவார்கள் என்று ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் பனியின் வேகத்தை வைத்துக் கணித்தார். 1861-ல் பொசோன் பனியாற்றின் கீழ்ப்பகுதியில் எச்சங்கள் வெளிவரத் தொடங்கின. ஆகவே பனியில் ஒரு பழைய பொருள் கிடைத்தால் அது கிடைத்த இடம் அவர்கள் இருந்த இடமாகாது. இன்னொரு உதாரணம் தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவு. 1916 மே மாதம் அண்டார்டிக் பயணி ஷாக்கிள்டனும் அவர் குழுவைச் சேர்ந்த வர்ஸ்லி, கிரீன் இருவரும் உள்பகுதியின் வரைபடமே இல்லாமல் 36 மணி நேரத்தில் அந்தத் தீவைக் குறுக்கே கடந்தார்கள். ஐம்பது அடிக் கயிறும் ஒரு தச்சு வாய்ச்சியும் கையில், படகிலிருந்து கழற்றிய திருகாணிகள் காலணி அடியில். தொடக்கமும் முடிவும் உறுதி, நடுவில் சில கணவாய்கள் உறுதி. அவர்கள் மிதித்த பனியின் பெரும்பகுதி இன்று மெலிந்து, பின்வாங்கி, வேறு இடத்தில் பிளந்து கிடக்கிறது. போக அரசின் அனுமதி வேண்டும், திறமையான பனி ஏற்றக் குழுவும் வேண்டும். அங்கே மறுநடை போகிறவர்கள் மீட்பது அந்த வழியின் தர்க்கத்தைத்தான்: எந்தக் கணவாயிலிருந்து பார்த்து எதை நம்பி இறங்கினார்கள் என்பதை.

இதிலிருந்து ஒரு சங்கடமான கேள்வி வரும். பயணி வழிதவறிய இடத்தில் நீங்களும் வழிதவற வேண்டுமா? 1921-ல் எவரெஸ்டின் வடபக்கம் போன மலோரியும் புல்லக்கும் கிழக்கு ரோங்புக் பனியாற்றின் வாயைத் தவறவிட்டார்கள். அங்கிருந்து வந்த ஓடை சிறியது, அதன் பின்னால் பெரிய பனியாறு இருக்குமென்று தோன்றவில்லை. அதனால் மலையைச் சுற்றிக் கார்ட்டா பள்ளத்தாக்கு வழியாகப் போய், லக்பா லா என்ற உயரமான கணவாயைத் தாண்டி, செப்டம்பர் 24 அன்று வடக்குக் கணவாயை அடைந்தார்கள். சுருக்குவழியைக் கண்டறிந்து சொன்னவர் அளவையாளர் ஆலிவர் வீலர். அடுத்தடுத்த குழுக்கள் அதையே பிடித்துக்கொண்டன. ‘1921 பாதை’ என்று சொல்லிக்கொண்டு சுருக்குவழியில் போனால் நீங்கள் 1922-ல் நடக்கிறீர்கள். என் கருத்து: ஆபத்து இல்லையென்றால் தவறையும் நடந்து பாருங்கள். அந்த ஓடையின் வாயில் நின்று பார்த்தால்தான் ஏன் ஏமாந்தார்கள் என்பது விளங்கும். பனிப்பிளவிலோ வெள்ளத்திலோ செய்த தவறை மட்டும் புத்தகத்திலேயே விட்டுவிடுங்கள்.

பயணியின் சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் வெளியே இருந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று தேடுங்கள். 1786 ஆகஸ்ட் 8 அன்று மான் பிளாங்கில் முதலில் ஏறிய பல்மா, பக்கார் இருவரில் யாருடைய பங்கு அதிகம் என்ற சண்டை நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அன்று மலையடி ஊரான ஷாமனியிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக் குறிப்பும் படமும் எழுதி வைத்த கெர்ஸ்டார்ஃப் என்ற பிரபுவின் தாள்கள் பக்காருக்கு நியாயம் செய்தன. 1813-ல் ஆஸ்திரேலியாவின் நீல மலைகளைக் கடந்த பிளாக்ஸ்லண்ட், லாசன், வென்ட்வர்த் மூவருமே குறிப்பு எழுதினார்கள், ஒன்றை மற்றதோடு ஒத்துப்பார்க்கலாம். ஆனால் அந்தப் பாதையில் இன்னொரு சிக்கல்: அவர்கள் கண்டுபிடித்த மேட்டுவழி நல்ல வழி. அதனால் பின்னால் சாலையும் ரயிலும் அதன்மேலேயே போய்விட்டன. நல்ல வழியைக் கண்டுபிடித்தவரின் தடம்தான் முதலில் அழியும்.

‘கண்டுபிடித்த’ என்று நானே எழுதிவிட்டேன். அந்த மலைகளில் அதற்கு முன்பே பூர்வகுடிகள் நடந்துகொண்டிருந்தார்கள். மெக்கன்சி 1793-ல் பசிபிக் கரைக்கு நடந்து போன கடைசிப் பகுதி, மீன் நெய் வணிகம் நடந்த பழங்குடிகளின் பாதை, வழிகாட்டியவர்களும் அவர்களே. பிரிட்டிஷ் மலையேறிகள் ஷிப்டனும் டில்மனும் 1934-ல் ரிஷிகங்கை ஆற்றின் பிளவு வழியாக நந்தாதேவியின் உள்வட்டத்துக்குள் நுழைந்தபோது அங்தார்கே, பாசங், குசங் என்ற மூன்று ஷெர்பாக்கள் கூட இருந்தார்கள். நடைமுறையில் இது உங்களுக்கு உதவும் செய்தி: பயணி எழுதாமல் விட்ட துண்டுகளுக்கு, அந்தப் பகுதி மேய்ப்பர்களும் வணிகர்களும் எந்த வழியில் போனார்கள் என்று விசாரியுங்கள். வேறு சான்று இல்லாவிட்டால் வழிகாட்டி கூட்டிப்போனது அதே வழியாகத்தான் இருக்கும். இது ஊகம்தான், ஆனால் செயற்கைக்கோள் படத்தில் நாமே வரையும் கோட்டைவிட நல்ல ஊகம்.

நந்தாதேவி உள்வட்டம் 1980-களின் தொடக்கத்திலிருந்து மூடப்பட்டிருக்கிறது. இப்படிப் பல பாதைகள் இயற்கைப் பாதுகாப்புக்காகவோ எல்லைப் பிரச்சினைக்காகவோ பூட்டியிருக்கின்றன. அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதை என்னிடம் கேட்காமல் அந்தந்த நிர்வாகத்திடம் நேரில் கேளுங்கள். பழைய முகாம்களில் தகரடப்பாவோ ஆணியோ கிடைத்தால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு, அங்கேயே விடுங்கள். பையில் போட்டுக்கொண்டால் அடுத்தவருக்கு இருந்த ஒரே சான்றும் போய்விடும்.

முதல் முயற்சிக்கு முழுப் பயணத்தையும் எடுக்காதீர்கள். உறுதியான புள்ளிகள் நெருக்கமாக இருக்கும் மூன்று நான்கு நாள் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், பனியாறு இல்லாததாக. அவர்கள் போன அதே மாதத்தில் போங்கள். ஆற்றைக் கடந்த இடமும் பனியின் கீழ்எல்லையும் மாதத்தைப் பொறுத்தவை. பழைய காலணி, கம்பளிக் கோட்டு வேடமெல்லாம் உங்கள் இஷ்டம், பாதைக்கு அதனால் ஒன்றும் கூடாது. திரும்பி வந்து உங்கள் தடத்தை இணையத்தில் ஏற்றினால் மூன்று நிறத்தில் ஏற்றுங்கள்: குறிப்பும் நிலமும் ஒத்துப்போன துண்டுகள் ஒன்று, நீங்கள் ஊகித்து நடந்தவை ஒன்று, சாலை, அணை, பனி காரணமாக வேறு வழியில் சுற்றியவை ஒன்று. நான் கடைசியாக ஏற்றிய ஒன்பது நாள் தடத்தில் முதல் நிறம் மொத்தமாகச் சேர்த்தால் ஒன்றரை நாள் நடைக்கு வந்தது.